ஆறு கறுப்புக் கதிர்

காலை ஒன்பது பத்து. உறை பிரித்த கதிர்கள் ஆறு. தைலம்மை ஆறாவது கதிரின் மேல் குனிந்து, உறையின் வாயை மடித்து ஸ்டேப்ளரை வைக்கப் போன நேரத்தில், மேலிருந்து ஏதோ உதிர்ந்து வெள்ளைக் காகிதத்தின் மடிப்பில் உட்கார்ந்தது. நெல் உமியைவிடச் சிறியது, ஒல்லியானது, நடுவில் பிளந்தது. மஞ்சள். பார்த்தது போதாதென்று விரல் நுனியில் ஒட்டி எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனாள். கறுப்பு மக்காச்சோளத்தின் பூக்கூடு ஊதாவாக இருக்கும், கத்தரிப்பூ நிறம், ஒன்பது வருஷமாகப் பார்க்கிற நிறம், அதில் தப்பு வராது. இது மஞ்சள். அவளுடைய பாத்தியில் வெள்ளைச் சோளமும் சிவப்புச் சோளமும் பத்து நாளைக்கு முன்பே பூத்து ஓய்ந்துவிட்டன. இன்றைக்குப் பூவோடு நிற்பது கறுப்பு மட்டும்தான். மஞ்சள் கூடு இருப்பது வேலிக்கு அந்தப் பக்கம், கொழுந்தன் மருதையனின் நாலு ஏக்கரில், கோழித்தீவன மில்லுக்குப் போகிற கம்பெனிச் சோளத்தில். ஆனால் காற்று இல்லை. மார்கழிப் பனி இன்னும் இலைக்கணுவில் நின்றது. காற்றில்லாமல் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே தலையைத் தூக்கினாள். தூக்கியபோது இன்னொன்று உதிர்ந்து மூக்கு நுனியில் பட்டுக் கீழே போயிற்று. அப்போதுதான் கை தன்னால் தலைக்குப் போனது. துண்டு. கையைக் கழுவியிருந்தாள், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவியிருந்தாள், புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைக் கழற்றி வேலிக்கல்லில் போட்டுவிட்டுத்தான் வந்தாள், முகத்தைக்கூடக் கழுவினாள். தலையில் கட்டிய துண்டை மறந்துவிட்டாள்.

மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள், ஒரு அடி, இன்னொரு அடி, பாம்பைப் பார்த்தவள் நகர்வதுபோல. பாத்தியைத் தாண்டி வாய்க்கால் வரப்புக்கு வந்த பிறகுதான் முடிச்சை அவிழ்த்தாள். துண்டின் மடிப்புக்குள் மஞ்சள் கூடுகள் கிடந்தன, பத்தா இருபதா, எண்ணவில்லை, எண்ணி என்ன. காலை ஏழரையிலிருந்து எட்டே காலுக்குள் மருதையனின் வேலியோரம் நாலு வரிசைக் கொண்டைகளைத் தன் கையாலேயே ஒடித்துப் போட்டவள் அவள்தான். ஆண் பூ செடியின் உச்சியில் கொண்டையாக நிற்கும், பெண் இடுப்பில் கதிராகப் பிதுங்கி முடியை வெளியே விட்டுக் காத்திருக்கும், கொண்டையின் பூக்கூட்டிலிருந்து மகரந்த மாவு பறந்து முடியில் விழ வேண்டும், ஒரு முடிக்கு ஒரு மணி, எந்த மாவு முந்துகிறதோ அந்த வீட்டுப் பிள்ளைதான் அந்த மணி. அதனால்தான் பக்கத்துக் கொண்டைகளை ஒடிக்கப் போனாள். அதனால்தான் ஒவ்வொரு கதிருக்கும் பேக்கரியில் பப்ஸ் போட்டுத் தருகிற காகித உறையை மாட்டி, முடி வெளியே தெரியாமல் மூடி வைத்திருந்தாள், கறுப்பின் மாவைத் தன் கையால் தூவ மட்டும் பிரித்தாள். பனியில் நனைந்த கூடு மாவு விடாது, அது அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் வெயில் ஏறுமுன் போனாள். நனைந்த கூடு துண்டில் ஒட்டிக்கொண்டு வந்து, தலைச் சூட்டில் காய்ந்து, அவள் குனிந்த குனிப்புக்கு ஒன்றாக வாய் திறந்திருக்கிறது. வேலியைத் தாண்டி வரக்கூடாது என்று யாரைத் தடுத்தாளோ அவனைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டாள். வேறு யாரும் செய்யவில்லை. அவள்தான்.

ஆறு. பன்னிரண்டு செடியில் ஆறு. மொத்தம் நாற்பத்தெட்டுச் செடி போட்டதில் வெள்ளை இருபது, சிவப்பு பதினாறு, கறுப்பு பன்னிரண்டு; கார்த்திகையில் மோட்டார் காயில் புகைந்து ஒன்பது நாள் தண்ணீர் இல்லாமல் போனபோது கறுப்புதான் அதிகமாக வாடியது, வாடினால் கொண்டை முந்திக்கொள்ளும், முடி பிந்திக்கொள்ளும், அது சோளத்தின் குணம். ஆறு செடி கதிரே விடவில்லை. மீதி ஆறு செடி முடி விட்டபோது ஒன்பது கொண்டை மாவு கொட்டி முடித்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. மூன்று கொண்டைதான் மிச்சம். மூன்றையும் நேற்றுச் சாயங்காலம் உறை போட்டுக் கட்டி, இன்று காலை தட்டியதில் ஒரு தேக்கரண்டி மாவு தேறியது. அந்த மாவை ஆறு கதிருக்கும் பங்கிட்டாகிவிட்டது, ஒரு துளி பாக்கியில்லாமல், மகாராசியாக. விதையில் மீதி வைத்தாயா என்று அண்ணன் கேட்டபோது வைத்திருக்கிறேன் என்றுதான் சொன்னாள். வைத்தது உண்மை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் இரண்டு பிடி வைத்தாள், மூடி சரியாக உட்காரவில்லை, வண்டு விழுந்து மணியெல்லாம் கூடாகி, ஐப்பசியில் பாட்டிலைச் சாய்த்தபோது கறுப்புத் தோலும் வெள்ளைத் தூளும் வந்தன. அதை அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் விதைக்குக் காத்திருக்கிற அந்த அம்மாளிடம் சொல்லியிருப்பார், அந்த அம்மாள் வேறு எங்காவது தேடியிருப்பாள். தேட விடாமல் தடுத்ததும் தைலம்மைதான்.

அந்த அம்மாள் பெயர் ரின்புயி. மிசோரத்தில் மலைச்சரிவு வீடு, அண்ணன் கலியமூர்த்தி எல்லையில் சாலை போடுகிற படையில் லாரி ஓட்டியபோது இரண்டு வருஷம் அவர்கள் வீட்டில்தான் குடியிருந்தார். ஊர் திரும்பும்போது மூன்று கதிர் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. அண்ணன் அதை டிரங்குப் பெட்டியில் யூனிஃபாரத்துக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து, "சும்மா அழகுக்குக் குடுத்துச்சு, டிவி மேல வை" என்றார். டிவி மேல் வைக்காமல் தைலம்மை விதைத்தாள். போன ஆவணியில் அந்த மலையில் மண் சரிந்து ரின்புயியின் வீட்டுப் பின்கட்டு போய்விட்டது, அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைக்கதிர்களோடு. வெள்ளையும் சிவப்பும் பக்கத்து ஊரில் கிடைத்துவிட்டன, கறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை என்று போனில் சொன்னாளாம். இந்தியில் சொன்னதை அண்ணன் தமிழில் சொன்னார்: "நான் குடுத்தது இருக்கான்னு கேக்குது. பங்குனியில வெதைக்கணுமாம். என்ன சொல்லட்டும்?" தைலம்மை ரின்புயியைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை போனில் குரல் கேட்டாள், அந்த அம்மாள் என்னமோ சொல்லிச் சிரித்தாள், தைலம்மையும் ஆமாம் ஆமாம் என்று சிரித்தாள். எதற்கு ஆமாம் சொன்னோம் என்று இதுவரைக்கும் தெரியாது.

ஒன்பது பதினேழு. வேளாண்மைப் பயிற்சிக்குப் போனபோது மேடையில் பேசிய ஒரு அம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் அந்த அம்மா பேச்சை நிறுத்தவில்லை, எல்லாரும் முணுமுணுத்தார்கள். மாவு முடியில் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே வேர் விடும், முடிக்குள்ளேயே இறங்கும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு விரற்கடை, சில சமயம் அதைவிட வேகம், மறுநாளுக்குள் மணியைத் தொட்டுவிடும். வேண்டாத மாவு விழுந்தது தெரிந்தால் உடனே முடியைக் கதிர் மூடிய தோகையோடு ஒட்ட வெட்டிவிடுங்கள், கதிர் சாகாது, மறுநாள் புது முடி விடும். உடனே என்றால் எவ்வளவு உடனே என்று யாரும் கேட்கவில்லை. பசி. முதல் கதிரை எட்டு நாற்பதுக்குப் பிரித்தாள். முப்பத்தேழு நிமிஷம் ஆகிறது. முடி நாலு விரற்கடை நீளம். நுனியில் விழுந்திருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, அடியில், தோகை வாயில் விழுந்திருந்தால் இந்நேரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். நுனியிலா அடியிலா. குனிந்தவள் தலை எங்கே இருந்தது. நேர் மேலே. நேர் மேலே என்றால் எல்லா இடத்திலும்தான். ஆனால் முதல் கதிருக்குத் துண்டு தலையில் இருந்ததா? போன் அடித்தது நினைவிருக்கிறது. புருஷன்தான், மில்லில் இரவு வேலை முடித்து வந்து, காப்பித்தூள் எங்கே என்று கேட்டார். போனைக் காதில் வைக்கத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டாள். காதை மூடிக் கட்டியிருந்ததால் அவிழ்த்தே ஆக வேண்டும், அதில் சந்தேகமில்லை. பிறகு திரும்பக் கட்டினாள், வெயில் கண்ணில் அடித்தது. போன் எப்போது வந்தது? முதல் கதிருக்கு முன்பா, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவிலா? போனை எடுத்துப் பார்த்தாள். எட்டு ஐம்பத்தொன்று, நாற்பது நொடி. எட்டு ஐம்பத்தொன்றுக்கு எந்தக் கதிரிடம் நின்றாள்? மூன்றாவது என்று கண்ணுக்குள் தெரிகிறது, ஏனென்றால் மூன்றாவது செடியின் இலையில் படைப்புழு கடித்த ஓட்டை வரிசையாகப் பல்லாங்குழிபோல இருந்தது, போனில் பேசிக்கொண்டே அதைப் பார்த்தாள். அப்படியானால் மூன்றாவதைச் செய்யும்போது துண்டு தோளில். தோளில் இருந்தால் மட்டும் உதிராதா? குனிந்தால் தோளும் குனியும். நாலாவதுக்குக் கட்டியாகிவிட்டதா? அந்த ஓட்டை இலை மூன்றாவதா நாலாவதா? திரும்பிப் போய்ப் பார்க்கலாம், ஆனால் புடவையில் என்ன ஒட்டியிருக்கிறதோ. பார்த்தாள். இடது தோளில் கடுகு தெறித்ததுபோல் இரண்டு மூன்று மஞ்சள். தோளும் ஆயிற்று.

துண்டை மறக்கிறவள் இல்லை அவள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்ததில்லை, உறை போடத் தொடங்கியதிலிருந்து உறையில் எழுதிய ஒரு நம்பரும் மாறியதில்லை. இன்றைக்கு மறந்ததற்குக் காரணம் ஒரு பேச்சு. எட்டே காலுக்குக் கடைசிக் கொண்டையை ஒடித்துப் போட்டபோது மருதையன் வாயில் வேப்பங்குச்சியோடு வரப்பில் வந்து நின்றான், பின்னால் அவன் பெண்டாட்டி பவுனு தூக்குவாளியோடு. "என்னா அண்ணி, சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு, மில்ட்டரிக்குக் கெளம்பிட்டீங்களா?" என்றான். நாலு வரிசைதான், மீதி வரிசை மாவு உனக்குப் போதும், மணி குறையாது என்று அவள் சொன்னாள். நேற்றே கேட்டதுதான், அவனும் தலையாட்டியதுதான். அவன் மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழக்கமாக அவன் புரட்டாசியிலேயே போட்டுவிடுவான், அவள் இருபத்தைந்து நாள் தள்ளிப் போடுவாள், அவன் பூ முடிந்த பிறகு இவள் பூ வரும். இந்த வருஷம் மழை ஏமாற்றி முதல் விதைப்பு கருகிப்போய், ஐப்பசிக் கடைசியில் மறுபடி போட்டான், இரண்டும் ஒரே வாரத்தில் வந்து நிற்கின்றன. "ஒடிச்சுக்கங்க, நான் வேணாங்கல" என்றான். "ஆனா அண்ணி, எஞ்சோளம் எட்டிப் பாத்தா ஒங்க சோளம் கெட்டுப்போயிருமா? வயசுக்கு வந்த புள்ளைக்குக்கூட இப்பிடிப் படுதா கட்டி வைக்க மாட்டாங்க." பவுனு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சும்மா வாய்யா, அக்கா வேலை பாக்குறாங்க" என்றாள். அவன் குச்சியைத் துப்பிவிட்டு, "இல்ல, பொன்மணி விசயத்துல பாக்காதத சோளத்துல பாக்குறாங்களேன்னு கேட்டேன்" என்றான். கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

பொன்மணி தைலம்மையின் மகள். நாமக்கல்லில் கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டாள், பையன் வீடு காலனித் தெரு. பங்காளி வீட்டில் ஒருத்தரும் வரவில்லை, மருதையன் உட்பட. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது தைலம்மை. ஒரே இழுப்பில் போட்டாள், அதை அவள் இன்றைக்கும் பெருமையாக நினைக்கிறாள், யாரிடமும் சொல்லாவிட்டாலும். இப்போது பொன்மணிக்கு மூன்று வயதில் பெண் குழந்தை, தாத்தா மாதிரி மூக்கு. அவனுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம்? வேலியோரம் சட்டையைக் கழற்றியபோது முதல் பதில் வந்தது: சோளம் வேற, மனுசன் வேற மருதையா. சரியில்லை, அவனும் அதைத்தான் சொல்வான், மனுசன் விசயத்துல பாக்கணும்னு. கிணற்றடியில் முழங்கைக்குச் சோப்புப் போட்டபோது இரண்டாவது பதில்: என் பொண்ணு யார்கிட்டயும் வாங்கின பொருள் இல்ல, அவ இஷ்டம் அவளுக்கு, இந்தச் சோளம் அடுத்தவங்க குடுத்தது, குடுத்த மாதிரி திருப்பிக் குடுக்கணும். இது சரி. இது நல்ல பதில். ஆனால் ஒன்பது வருஷமாகக் காப்பாற்றினாயே, அப்போது ரின்புயி கேட்கவில்லையே, அப்போது யாருக்காக? இதை மருதையன் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொண்டாள், முகத்தைக் கழுவிக்கொண்டே. அழகுக்காக என்று தோன்றியது. கறுப்புக் கதிரை உரிக்கும்போது உள்ளே ஈரமாக மினுங்குமே, அதற்காக. மருதையனின் பெரியப்பா வீட்டில் ஒரு கிழவர் இருந்தார், எங்க வகையறா ரத்தம் சுத்தமான ரத்தம் என்பார். அவரும் அழகுக்காகத்தான் சொன்னாரா? இந்த இடத்தில் சிக்கிக்கொண்டு, சிக்கை எடுக்க முடியாமல், முகத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு பாத்திக்கு நடந்தாள். துண்டு தலையிலேயே இருந்தது. முகத்தை ஏன் துண்டால் துடைக்கவில்லை? துடைத்திருந்தால் அவிழ்த்திருப்பாள். பாத்திக்கு வருமுன்னே அவிழ்த்திருந்தால் பார்த்திருப்பாள்; போனுக்கு அவிழ்த்தபோது கண் ஓட்டை இலையில் இருந்தது.

ஒன்பது இருபத்தாறு. வெட்டினால் என்ன, வெட்டாவிட்டால் என்ன. வெட்டினால் நாளைக்குப் புது முடி வரும், மாவு வேண்டும். மூன்று கொண்டையும் இன்று காலையே தட்டியாகிவிட்டது; நுனிக்கிளைகளில் வாய் திறக்காத கூடு கொஞ்சம் பாக்கியிருக்கலாம், இல்லாமலும் போகலாம். மாவு இல்லையென்றால் ஆறும் சக்கை. கறுப்பு அதோடு முடிந்தது. வெட்டாவிட்டால் கதிர் நிறைய மணி வரும், கறுகறுவென்று வரும், ஒன்றுகூட மஞ்சளாக இருக்காது. அங்கேதான் பயம். வெள்ளைச் சோளத்தில் அந்நிய மாவு விழுந்தால் அந்த வருஷமே மஞ்சள் மணி பல்லைக் காட்டிவிடும், பொறுக்கிப் போட்டுவிடலாம். கறுப்பு காட்டாது. கறுப்பு எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஒரு வருஷம் சும்மா இருக்கும். அடுத்த விதைப்பில், அடுத்தவர் மண்ணில், அடுத்தவர் முன்னால் காட்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் காட்டியது. களரம்பட்டி மகளிர் குழுவுக்கு ஐந்து கறுப்புக் கதிர் கொடுத்தாள், கைதட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள். மறு வருஷம் செல்வாம்பா என்கிற பெண் பஸ் ஏறி வந்து, தினசரித்தாளில் சுற்றிய ஒரு கதிரை வாசலில் வைத்தாள். கறுப்பும் மஞ்சளும் ஒன்றுவிட்டு ஒன்றாக, அழுகல் பல்போல. திட்டவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நீங்களே வச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அதே பஸ் திரும்பும் நேரத்துக்கு ஓடினாள். தைலம்மை அப்போது உறையெல்லாம் போட்டதில்லை. இருபத்தைந்து நாள் இடைவெளி போதும் என்று நம்பியிருந்தாள். அந்தக் கதிரை மாட்டுக்குப் போட்டாள். மாடு தின்றது. வாசலில் வைத்த சத்தம் மட்டும் போகவில்லை, தாளில் சுற்றியது தரையில் பட்டால் என்ன சத்தம் வரும், ஒன்றுமில்லை, ஆனால் கேட்கிறது.

அண்ணனுக்குப் போன் போட்டாள். திருச்சியில் ஒரு ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருப்பார் இந்நேரம். "என்ன தைலா, பூத்துருச்சா?" என்றார். சொன்னாள், துண்டிலிருந்து தொடங்கிச் சொன்னாள், பாட்டிலில் வண்டு விழுந்ததையும் சேர்த்துச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ பணம் வரவில்லை என்று அவரிடம் கத்திக்கொண்டிருந்தார்கள், அவர் இருங்க சார் இருங்க சார் என்றார். பிறகு, "மேல பாத்தா கறுப்பாத்தான வரும்?" என்றார்.

"வரும்ணே."

"அப்பறம் என்ன? அனுப்பிவுடு. மலையில வேற வேற சோளம் இருக்கு, எதுலேர்ந்து வந்துச்சுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? நீ வாயத் தெறக்காட்டி யாருக்குத் தெரியப் போவுது."

"அந்தம்மா ஒரு வீட்டோட வச்சுக்குமா?"

"எங்க வச்சுக்கும். பதினாலு வீடு இருக்கு அந்தச் சரிவுல, எல்லாத்துக்கும் கைப்பிடி கைப்பிடியாப் பிரிச்சுக் குடுத்துரும். அது கொணம் அப்பிடி." அந்தப் பக்கம் மறுபடி இருங்க சார் என்றுவிட்டு வந்தார். "வெட்டிட்டு ஒண்ணுமே வரலைன்னா, நான் அதுகிட்ட என்னன்னு சொல்றது தைலா? இருக்குன்னு சொல்லிட்டேன். அது சாமி கும்புட்டுச்சு போன்லயே."

யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். யோசிக்க என்ன இருக்கிறது. பதினாலு வீடு. பதினாலு வாசல், பதினாலு தாளில் சுற்றிய கதிர், ஆனால் அவர்கள் பஸ் ஏறி வர மாட்டார்கள், அவ்வளவு தூரம் யார் வருவார்கள், வராததால் அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரியாது என்பதுதான் அண்ணன் காட்டுகிற வழி. நல்ல வழிதான், நிழலும் இருக்கிறது. இன்னொரு வழி உண்டு, எல்லாவற்றையும் சொல்லி அனுப்புவது: அம்மா, இதில் கலந்திருக்கலாம், கலக்காமலும் இருக்கலாம். அதை இந்தியில் எப்படிச் சொல்வது, அண்ணன் சொல்வாரா, சொன்னதாகச் சொல்லிவிட்டுச் சொல்லாமல் இருப்பாரா. ஒருவேளை எதுவுமே நடந்திருக்காது. கூடு விழுந்தது, மாவு விழவில்லை. காய்ந்த கூட்டில் மாவு இருக்குமா? காய்ந்தால்தான் மாவு விடும். பிளந்திருந்ததைத்தான் கண்ணால் பார்த்தாளே, காலியான கூடு அது, மாவு எங்கே போயிற்று? துண்டில் போயிருக்கலாம், அவள் மூக்கில் போயிருக்கலாம். ஒரு கூட்டுக்கு ஆயிரக்கணக்கில் மாவு என்று அந்த மேடை அம்மா சொன்னாள். ஆயிரக்கணக்கில். ஆறு கதிரில் முடி எத்தனை? கதிருக்கு முந்நூறு நானூறு. அவளுடைய ஒரு தேக்கரண்டியும் அந்த ஆயிரமும் இந்நேரம் ஒரே முடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன, யார் முந்துவது என்று.

"அக்கா!" வேலிக்கு அந்தப் பக்கம் பவுனு. "என்னா அங்கயே சாமி வந்தவ மாதிரி நிக்கிறீங்க? பூச்சி கடிச்சிருச்சா?"

"ஒண்ணுமில்ல பவுனு. மணி என்னா?"

"ஒம்பதே முக்கா. பழைய சோறு கெடக்கு, மோர் ஊத்திக் கொண்டாரட்டா?"

"வேணாம். நீ வேலி தாண்டி வராத. தயவுசெஞ்சு வராத."

பவுனுவின் முகம் சுருங்கியது. வேலிக்கல்லில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். "சரிக்கா. வரல," என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியோடு திரும்பி நடந்தாள். மகள் கல்யாணத்துக்கு வராத பங்காளிகளில், ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஒரு குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து கொடுத்தவள் பவுனுதான். அவளிடம்தான் இன்றைக்கு இப்படிச் சொல்லிவிட்டாள். கூப்பிட்டு விளக்கலாம், விளக்க ஐந்து நிமிஷம் ஆகும். ஒன்பது நாற்பத்தைந்து. முதல் கதிருக்கு அறுபத்தைந்து நிமிஷம், விரற்கடைக்கும் மேல்.

தோளில் மஞ்சள் ஒட்டிய முந்தானையை இழுத்து, ஒட்டிய பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி இடுப்பில் இறுக்கிச் செருகினாள். வாய்க்காலில் இறங்கித் தலையோடு தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டாள், மூன்று தடவை, மார்கழித் தண்ணீர் உச்சியில் ஊசியாக இறங்கியது. ஈரத்தில் மாவு செத்துப்போகும், அதுவும் அந்த மேடை அம்மா சொன்னதுதான். சொட்டச் சொட்டப் பாத்திக்குள் போனாள். உறை வெட்ட வைத்திருந்த பிளேடு டப்பாவில் பிரிக்காத ஒன்று இருந்தது. முதல் கதிரின் உறையைக் கழற்றினாள். முடி வெளிர் சிவப்பில், பசபசவென்று, குழந்தையின் முதல் முடிபோல ஈரம் காயாமல் இருந்தது, அதன் மேல் அவளே தூவிய மாவு. நல்லதா கெட்டதா என்று முடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே நிறம். தோகை வாயில் பிளேடை வைத்தாள். ஒட்ட வெட்டினால் போதும் என்றால் போதாது, அறுபத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது, இன்னும் இறக்கி வெட்ட வேண்டும், ரொம்ப இறக்கினால் கதிரின் தலையே போய்விடும். எவ்வளவு இறக்குவது என்று எவளும் சொல்லவில்லை. பிளேடை ஒரு நூல் இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கியது, ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்ட அதே கை. முதல் ஐந்தையும் வெட்டிவிட்டு ஆறாவதை மட்டும் விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது, அதில் கடைசியாகத்தானே, கொஞ்சம்தானே, ஒன்றாவது நிறைய மணியோடு வரட்டுமே. ஆறாவதில்தான் கண்ணால் பார்த்தாள். பார்த்ததையே விடுவதென்றால் பார்க்காத ஐந்தை வெட்டுவானேன். ஒன்றரை விரற்கடை இறக்கித் தோகையோடு சேர்த்து வெட்டினாள். கரும்பு வெட்டுவதுபோல் சத்தம் வந்தது. முடிக்கற்றை காலடியில் விழுந்தது. புது உறை, ஸ்டேப்ளர். இரண்டாவது. மூன்றாவது. ஓட்டை இலை இருந்தது மூன்றாவதில்தான், அவள் நினைத்தது சரி. இனி அதனால் என்ன. நாலாவதின் பாலைப்போன்ற சாறு பிளேடில் வழிந்தது, உள்ளிருந்த பிஞ்சின் மூக்கு சீவப்பட்டிருந்தது, அதைப் பார்க்காமல் மூடினாள். ஐந்தாவது. ஆறாவது. பத்து அடிக்க மூன்று நிமிஷம் இருந்தது. மூன்று கொண்டைகளுக்கும் மறுபடி உறை மாட்டிக் கழுத்தில் சணல் கட்டினாள், ஒரு கூடாவது பாக்கியிருந்தால் உள்ளேயே கொட்டட்டும் என்று. வேலிக்கு அந்தப் பக்கம் வெயில் ஏறி, மருதையனின் நாலு ஏக்கரில் மீதி முழுதும் ஒரேயடியாகப் பூத்து, காற்று லேசாக எழும்பி, மஞ்சள் தூள் புகைபோல நகர்வது அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஈரத் தலையோடு அவள் உறைகளை எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள்.

மார்ச் 3ஆம் தேதி, திங்கட்கிழமை, பெரம்பலூர் தலைமைத் தபால் நிலையத்திலிருந்து மிசோரத்துக்கு ஒரு பதிவுப் பார்சல் போனது. ஆறு கதிரில் நான்கு சக்கை. மூன்று கொண்டையில் மிஞ்சிய மாவுக்கு மற்ற இரண்டில் தேறியவை நாற்பத்தொரு கறுப்பு மணிகள். ஜனவரி மாதக் காலையில் நடந்ததைத் தைலம்மை சொல்லச் சொல்லக் கலியமூர்த்தி ஒரு பக்கத் தாளில் இந்தியில் எழுதி உள்ளே வைத்திருந்தார். தைலம்மை தனக்கென்று ஒரு மணியும் நிறுத்திக்கொள்ளவில்லை.